அடுப்பும் ஃபில்டரும்: விறகடுப்பு எப்படி இயங்குகிறது?

பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதைக் கவனித்தவர்களுக்கு விறகடுப்பைப் பற்றிப் பாதி தெரியும். மேல் பாத்திரத்தில் பொடி, அதன்மேல் குடைத் தட்டு, அடியில் ஊசித் துளைகள், கீழே டிகாக்‌ஷன் சேரும் பாத்திரம். பொடி கரகரப்பாக இருந்தால் தண்ணீர் சடசடவென்று இறங்கிவிடும். நிறம் வரும், சாரம் வராது. நைசாக அரைத்து, தட்டையும் இறுக்கி அழுத்தினால் தண்ணீர் மேலேயே நின்றுவிடும். இரண்டு பாத்திரங்களும் காற்றுப் புகாமல் கவ்விக்கொண்டாலும் சொட்டு நின்றுபோகும்; மேல் பாத்திரத்தை லேசாக அசைத்து வைத்தால் மறுபடி இறங்கும்.

விறகடுப்பில் ஓடுவது சூடான வாயு. டிகாக்‌ஷன் எடையால் கீழே இறங்குகிறது. வாயு இலேசாக இருப்பதால் மேலே ஏறுகிறது. அங்கே தண்ணீர் பொடியிடமிருந்து சாரத்தை வாங்கிக்கொள்கிறது. இங்கே வாயு பாத்திரத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது. இரண்டிலும் கணக்கு ஒன்றே: ஓட்டம் எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் போகிறது? வேகமாகப் போனால் சூடு பாத்திரத்தில் தங்காமல் கூரைக்கு மேலே போய்விடும். தேங்கினால் புகை சமையலறைக்குள் திரும்பும். ஆகவே விறகடுப்பு வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது புகை போகும் வழியை. அடுப்பின் பளபளப்பும் விலையும் பிறகு.

வழியைப் புரிந்துகொள்ள, அதில் ஓடுவது என்ன என்று தெரிய வேண்டும். விறகு எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் விறகின் எடையில் முக்கால் பங்கு முதலில் வாயுவாகக் கழன்று, அந்த வாயுதான் தீப்பிடித்து எரிகிறது. முதலில் ஈரம் வெளியேறும். சூடு 250, 300 டிகிரியைத் தாண்டும்போது மரம் சிதைந்து வாயுக்களையும் தார் ஆவியையும் விடும். நல்ல சூடும் போதிய காற்றும் கிடைத்தால் அவை மஞ்சள் சுடராக எரிந்து தீரும். கிடைக்காவிட்டால் அதே வாயுதான் கண்ணைக் கரிக்கும் புகை. புகை என்பது எரியாமல் வீணாகப் போகும் எரிபொருள். கடைசியில் மிஞ்சும் கரி சுடரின்றித் தணலாகக் கனியும். அதன் ஆபத்து தனி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கணக்கைப் போட்டு ஓர் அடுப்பையே உருவாக்கியவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். இந்திய அறிவியல் கழகத்தில், ஊரார் இன்றும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் அதே வளாகத்தில், 1974இல் ‘அஸ்த்ரா’ என்ற குழு தொடங்கியது. தொடங்கியவர் அமுல்ய ரெட்டி. மின்வேதியியலில் உலகம் அறிந்த பாடநூலை இணைந்து எழுதியவர், கிராமத்து எரிபொருள் பக்கம் திரும்பினார். துமகூரு மாவட்டம் குணிகல் தாலுகாவில் உங்கரா என்ற ஊரில் குழு தங்கி வேலை செய்தது. சுற்றுக் கிராமங்களில் எந்த எரிபொருள் எவ்வளவு செலவாகிறது என்று வீடுவீடாக அளந்தார்கள். மின்சாரமோ மண்ணெண்ணெயோ அல்ல, விறகுதான் அந்த ஊர்களின் முதன்மை எரிபொருள் என்றும், அதில் பெரும்பங்கு அடுப்பில் எரிகிறது என்றும் தெரிந்தது. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்களவே பாத்திரத்துக்குள் போகிறது. மிச்சம் பக்கவாட்டில் பறக்கிறது, சமைக்கிற பெண்ணின் நுரையீரலில் புகையாக இறங்குகிறது.

1980களின் தொடக்கத்தில் லோக்ராஸ், ஜகதீஷ் முதலிய அந்தக் குழுவினர் வடிவமைத்த மூன்று பாத்திர அடுப்புக்கு ‘அஸ்த்ரா ஒலெ’ என்று பெயர் வந்தது; கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு. மண்ணும் செங்கல்லும்தான் பொருள். விறகு எரியும் அறை மூடியது. அடியில் இரும்புச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் குழி. சல்லடை வழியே காற்று கீழிருந்து நேராகத் தணலுக்குள் வரும். பாத்திரங்கள் அடுப்பின்மேல் உட்காருவதில்லை. குழிக்குள் பொருந்தி இறங்கி நிற்கும், வாயு அவற்றின் அடியையும் பக்கத்தையும் உரசிக்கொண்டு போகும். முதல் பாத்திரத்தின் அடியிலிருந்து ஒரு சுரங்க வழி இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும், பிறகு புகைபோக்கிக்கும்.

நம் ஃபில்டர் மொழியில், முதல் பாத்திரம் வாங்குவது முதல் டிகாக்‌ஷன், கெட்டியானது. அங்கே ராகி முத்தே, சோறு வேகும். அதே பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்‌ஷன் போல, சூடு கொஞ்சம் இறங்கிய அதே வாயு இரண்டாம் பாத்திரத்தில் ரசத்தைக் கொதிக்க வைக்கும். மூன்றாவதில் தண்ணீர் வெதுவெதுப்பாகும், குளிக்க ஆகும். ஆய்வகச் சோதனையில் விறகுச் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாத்திரங்களுக்குள் போனது. மண்ணால் செய்த அடுப்பில் இது பெரிய சாதனை என்று மனதார நினைக்கிறேன். விலை உயர்ந்த எந்த உலோகமும் அதைத் தரவில்லை. பாத்திரத்துக்கும் குழிச் சுவருக்கும் நடுவே விட்ட சந்தின் அகலம்தான் தந்தது. அந்தச் சந்துதான் காப்பிப் பொடியின் அரைப்பதம்.

இனி, அந்த வாயுவை இழுப்பது எது? புகைபோக்கிக்குள் நிற்கும் சூடான காற்று வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றைவிட இலேசு. அந்த எடை வித்தியாசம்தான் இழுவை. 3 மீட்டர் உயரப் புகைபோக்கி, உள்ளே வாயு 200 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்றே கொஞ்சம் மெலிவு. இழுவை சுமார் 12 பாஸ்கல் வரும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரத் தண்ணீர் அழுத்தும் அழுத்தம் அவ்வளவு. இத்தனை மெல்லிய விசையை நம்பித்தான் ஒரு குடும்பத்தின் மூச்சு இருக்கிறது. குழாய் இணைப்பில் ஒரு விரிசல், பாத்திரம் பொருந்தாத ஒரு குழி, நேராகப் போகாமல் 90 டிகிரி மடங்கும் இரண்டு முழங்கைகள், உள்ளே படிந்த ஒட்டடை: இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் அந்த விசை தீர்ந்துவிடும்.

இன்றைய பெங்களூர் சமையலறையில் இன்னொரு எதிரி உண்டு: மின்சாரச் சிம்னியும் எக்ஸாஸ்ட் ஃபேனும். அவை அறையிலிருந்து காற்றைப் பிடுங்கும் வலு விறகடுப்பின் இழுவையைவிடப் பல மடங்கு. கதவும் கண்ணாடி ஜன்னலும் சாத்தியிருக்க, ஃபேன் ஓடினால், காற்று எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாக, தலைகீழாக, புகையையும் சேர்த்துக்கொண்டு வரும். இரண்டு பாத்திரமும் கவ்விக்கொண்டு சொட்டு நின்ற ஃபில்டரின் கதைதான், ஆனால் இங்கே நிற்பதோடு முடியாமல் ஓட்டமே திரும்புகிறது. ஒரு கிலோ காய்ந்த விறகு எரிய, கணக்குப்படி சுமார் 6 கிலோ காற்று வேண்டும்; நடைமுறையில் அதைப்போல் இரு மடங்கு உள்ளே இழுக்கப்படும். இந்த ஊர் உயரத்தில் அது 10 கனமீட்டருக்கு மேல். பத்தடிக்கு எட்டடி, பத்தடி உயரமுள்ள சமையலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 22 கனமீட்டர்தான். இரண்டு கிலோ விறகு எரித்தால் அறையின் காற்று முழுவதும் ஒரு முறை வெளியே போயிருக்கும். அதற்கு ஈடாக உள்ளே வரும் வழியை நாம் வைக்க வேண்டும்: தரையோரம் நிரந்தரமாகத் திறந்த ஜன்னல் அளவுக்கு ஒரு கம்பிவலைத் திறப்பு. கொசு வருகிறது என்று அட்டை வைத்து அடைக்கும் திறப்பு அல்ல.

அஸ்த்ரா ஒலெ கர்நாடகத்தில் பரவியது. டாட்டா இன்ஸ்டிட்யூட் வளாகத்திலேயே இயங்கும் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் அதில் பங்கெடுத்தது. 1980களில் மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டமும் வந்து, 2002 வரை நாடு முழுவதும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கட்டியது. எண்ணிக்கையில் பெரிது. ஆனால் கணிசமான அடுப்புகள் சில ஆண்டுகளுக்குள் பழுதாயின அல்லது கைவிடப்பட்டன. கட்டுபவர் அளவுகோல் இல்லாமல் கண்மதிப்பில் கட்டினால் சந்து அரை அங்குலம் கூடிவிடும். விறகைப் பிளக்க நேரமில்லாத வீட்டில் அடுப்பின் வாயைப் பெரிதாக்கிக்கொள்வார்கள். பெரிய சட்டிக்குக் கட்டிய குழியில் சின்னச் சட்டியை வைப்பார்கள். புகைபோக்கியை யாரும் துடைக்க மாட்டார்கள். இதற்காக அந்த வீட்டுப் பெண்களைக் குறை சொன்ன அறிக்கைகளை நான் ஏற்கவில்லை. அடுப்பு கட்டிக் கொடுத்த பிறகு திரும்பி வந்து பார்க்க ஆள் வைக்காத திட்டம்தான் தவறியது. பெங்களூரில் 1993இல் தொடங்கிய ‘டைட்’ அமைப்பு இந்த இடத்தைப் பிடித்தது: ஸ்வாதி போகலே தலைமையில் கிராமத்துப் பெண்களுக்கே அடுப்பு கட்டப் பயிற்சி கொடுத்தது, ஓட்டல்களுக்கும் பாக்கு வேகவைக்கும் கொட்டகைகளுக்கும் பெரிய அடுப்புகள் செய்தது. 2008இல் அதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. கட்டியவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் விரிசல் விட்ட மறுநாளே வந்து பூசுவார்.

இப்போது வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். அடுக்குமாடி வீட்டில் விறகடுப்பு வேண்டாம். பால்கனியிலும் வேண்டாம், மேல்மாடிக்காரரின் படுக்கையறை ஜன்னலுக்குள் அந்தப் புகை நேராகப் போகும். குளிர்காய அறைக்குள் வைக்கும் வெளிநாட்டுப் பாணி இரும்பு அடுப்பும் இந்த ஊருக்கு அநாவசியம் என்பது என் தீர்மானமான கருத்து. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். மார்கழிக் காலையில் ஒரு ஸ்வெட்டர் போதும். இங்கே விறகடுப்புக்கு நியாயமான இடம் தனிவீட்டின் பின்கட்டு: வெந்நீர் போட, விசேஷத்துக்குப் பெரிய அண்டாவில் சமைக்க, தென்னை மட்டையும் தேங்காய் ஓடும் கிளை வெட்டிய கட்டையும் தோட்டத்திலேயே கிடைக்கிற வீட்டில்.

கையில் தூக்கி வைக்கும் உலோக அடுப்பு வாங்கினால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13152 என்ற எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2013இல் வந்த அந்தத் தரம், இயல்பாகக் காற்று இழுக்கும் வீட்டு அடுப்புக்குக் குறைந்தது 25 விழுக்காடு வெப்பத்திறனும், சின்ன மின்விசிறி காற்று ஊதும் அடுப்புக்கு 35 விழுக்காடும் கேட்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கும் தூசுக்கும் உச்சவரம்பும் வைக்கிறது. விசிறி அடுப்பு உண்மையிலேயே சுத்தமாக எரியும். டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் முகுந்தா குழுவினரின் ஆய்விலிருந்து பி.பி. நிறுவனத்தோடு சேர்ந்து வந்த ‘ஊர்ஜா’ அடுப்பு அந்த வகை. 2000களின் பின்பாதியில் லட்சக்கணக்கில் விற்றது. விவசாயக் கழிவை அழுத்திச் செய்த உருளைகளைத்தான் அது எரிக்கும். உருளை விலை ஏறியபோது பல வீடுகளில் அடுப்பு பரணுக்குப் போனது. ஆகவே அடுப்பு தின்னும் எரிபொருள் ஐந்து வருஷம் கழித்தும் உங்கள் பேட்டையில் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இன்னொன்று, இந்த அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. எத்தனை சான்று இருந்தாலும் திறந்தவெளியில் அல்லது தாழ்வாரத்தில்தான் அவற்றை வைக்க வேண்டும்.

கட்டுகிற அடுப்பு என்றால் மேஸ்திரியிடம் முதல் கேள்வி: குழாய் எங்கே வெளியே போய் எங்கே முடிகிறது? 30க்கு 40 அடி மனையில் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நமக்கும் நடுவே இரண்டு மூன்று அடிதான் இருக்கும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகளில் எளிமையான கணக்கு ஒன்று உண்டு: புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும், அதைச் சுற்றிப் பத்தடிக்குள் எது இருந்தாலும் அதைவிட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். நம் மாடியில் பத்தடிக்குள் தண்ணீர்த் தொட்டி இருக்கும், படிக்கட்டு அறை இருக்கும், பக்கத்து வீட்டின் மூன்றாம் மாடியே இருக்கும். சுவரில் மோதித் திரும்பும் காற்று புகையைக் குழாய்க்குள்ளேயே அமுக்கும். அந்த உயரம் கட்ட முடியாத மனையில் விறகடுப்பு கட்டாமல் இருப்பதுதான் சரி. அண்டை வீட்டாரின் மூச்சுக்கும் அதுவே நல்லது.

குழாய்க்கு அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் போட்டார்கள். இன்று அதைத் தொடவே வேண்டாம். அடுப்பை ஒட்டிய பகுதிக்கு ஜி.ஐ. குழாயும் ஆகாது, அதன் துத்தநாகப் பூச்சு அதிகச் சூட்டில் நச்சு ஆவி விடும். சுட்ட மண் குழாய் அல்லது எவர்சில்வர் குழாய் போடுங்கள். நேராக மேலே போகட்டும், அடியில் ஒட்டடை தள்ள ஒரு மூடியுள்ள திறப்பும், உச்சியில் மழைக்குடையும் இருக்கட்டும். ஒற்றைச் சுவர்க் குழாய் மரச்சட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மங்களூர் ஓட்டுக் கூரை வீடுகளில் இதைத்தான் மறக்கிறார்கள்: ஓட்டைக் கழற்றிக் குழாயை விடுவது சுலபம், ஆனால் பக்கத்திலேயே பழைய தேக்குச் சட்டம் ஓடும். தினமும் சூடேறி உலர்ந்த மரம் வருஷங்கள் கழித்து முன்பைவிடக் குறைந்த சூட்டிலும் பற்றிக்கொள்ளலாம். பி.வி.சி. கூரைத்தகடு, பிளைவுட் அலமாரி, திரைச்சீலை, மின்வயர் எதுவும் அருகில் கூடாது. கேஸ் சிலிண்டரும் இன்வெர்ட்டர் பேட்டரியும் இருக்கிற அறையில் விறகுத் தீ இருக்கவே கூடாது. இரும்பு அடுப்பாக இருந்தால் எரியக்கூடிய எதிலிருந்தும் மூன்றடி இடைவெளி விடுங்கள். அடுப்பைச் செங்கல்லால், மண்சாந்தில் கட்டச் சொல்லுங்கள். தீ படும் உள்பக்கம் சிமெண்ட் பூசினால் சூட்டில் வெடிக்கும். கட்டி முடித்து இரண்டு மூன்று வாரம் நிழலில் காய விட்டு, பிறகு சில நாள் சுள்ளித் தீ மட்டும் போட்டுப் பழக்குங்கள்.

வெந்நீர் அடுப்பின் தீவாய் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். அண்டாவின் தண்ணீர் மட்டும் உள்ளே வரட்டும். குழாய் இணைத்த மூடிய பாய்லர் என்றால், நீராவி வெளியேறும் குழாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதில் வால்வு போட்டு யாராவது மூடினால் அது வெடிகுண்டு.

விறகைப் பற்றி. விறகு டிப்போவில் வாங்கும் நீலகிரி மரமோ சவுக்கோ அன்றைக்கு வெட்டியதாக இருந்தால், அதன் எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே மரத்தின் சூட்டில் ஏழில் ஒரு பங்கு போகும். அதைவிடக் கேடு, தீ குளிர்ந்து, எரியாத தார் ஆவி புகைபோக்கியின் மேல்பகுதியில் குளிர்ந்து பிசினாகப் படியும். அந்தப் பிசின் ஒரு நாள் தீப்பற்றினால் குழாயே எரியும் கொள்ளியாகிவிடும். மணிக்கட்டு அளவுக்குப் பிளந்து, மழை படாமல் காற்றாட அடுக்கி, ஆறு மாதமாவது காய விடுங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டினால் மந்தமான ஓசை வராமல் கணீரென்று கேட்க வேண்டும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பேக்கிங் மரம், பிளாஸ்டிக் எதையும் போடாதீர்கள்.

ஃபில்டர் உவமை ஓர் இடத்தில் உதவாது. ஃபில்டரில் மிஞ்சும் சக்கை செடிக்கு உரமாகும். அடுப்பில் மிஞ்சும் தணல், சுடரும் புகையும் இல்லாமல் கனியும்போது, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடை விடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று போகும். தூக்கத்திலேயே உயிர் போகலாம். பெங்களூரில் கேஸ் கீசர் வைத்த மூடிய குளியலறைகளில் இதே வாயு உயிர்களைப் பறித்திருக்கிறது. குளிருக்குச் சிகடி எனும் கரியடுப்பில் தணல் போட்டுப் படுக்கையறைக்குள் வைப்பது எக்காரணத்தாலும் கூடாது. புகை நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைக்கும் அந்த நேரம்தான் ஆபத்து அதிகம். சமையல் முடிந்ததும் புகைபோக்கியின் தடுப்புத் தகட்டை முழுவதும் மூடாதீர்கள். தணல் சாம்பலாகும் வரை வழி திறந்தே இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, தூங்கும் அறையில் மாட்டுங்கள். அது அடுப்பு வாங்கும் செலவில் ஒரு பகுதி.

சாம்பலை அன்றே அள்ளி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். மேலே குளிர்ந்து தெரிந்தாலும் அடியில் கங்கு ஒரு நாளைக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் கூடையில் கொட்டியதால் எரிந்த பின்கட்டுகள் உண்டு.

முதல் தீ மூட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டுக் கதவுகளை எல்லாம் சாத்தி, சமையலறை ஃபேனைப் போட்டு, குழாயின் அடித்திறப்பில் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் புகைபோக்கியைச் சூடாக்கிவிட்டு, அடுப்பின் வாயருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை இழை வளைந்து உள்ளே போக வேண்டும். தடுமாறினாலோ முகத்துக்குத் திரும்பினாலோ அன்று தீ மூட்ட வேண்டாம், மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். இதே சோதனையை வருஷத்தில் இரண்டு முறை, மழைக்கு முன்பும் மார்கழிக்கு முன்பும் செய்யுங்கள். கூடவே நீளக் கழியில் தென்னை நார் கட்டிக் குழாயை மேலிருந்து அடிவரை துடையுங்கள். தினமும் எரிக்கிற வீட்டில் மாதம் ஒரு முறை. துடைக்கும்போது வருவது உதிரும் கருந்தூளாக இருந்தால் அடுப்பு நன்றாக எரிகிறது. மினுமினுக்கும் பிசினாக இருந்தால் விறகு இன்னும் காயவில்லை.